அரக்குத் தட்டும் கணினியும்

1902இல் பிரெட் கெய்ஸ்பெர்க் லண்டனிலிருந்து ஒலிப்பதிவுக் கருவிகளோடு கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். குரல் பதிந்த மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போயின. அங்கே அச்சாகி, விற்பனைக்காக மறுபடி இந்தியா வந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஓர் ஆலை தொடங்கும்வரை இப்படித்தான் நடந்தது. அந்தத் தட்டுகளுக்கு வேண்டிய அரக்கும் பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போனதுதான். குரலும் நம்முடையது, அரக்கும் நம்முடையது. அச்சு மட்டும் அங்கே.

அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு நம் இசை அரக்கில்தான் வாழ்ந்தது. கோயம்புத்தூர் தாயி, தனகோடி அம்மாள், எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் புகழ்பெற்ற தோடி, 1926இல் பத்து வயதுச் சிறுமியாக எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய முதல் தட்டு எல்லாமே 78 சுற்று அரக்குத் தட்டுகள். சினிமாப் பாட்டுகளும் 1960கள்வரை அதில் வந்தன. பெரிய கலைஞர்களின் தட்டுகள் பிறகு ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் மறுபடி வெளியாயின. நாடக மேடைப் பாட்டு, நகைச்சுவை உரையாடல், அதிகம் பேர் அறியாத பாடகர்களின் பதிவுகள் ஆகியவற்றுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அவற்றுள் சிலவற்றுக்கு, யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும் தட்டுதான் மிஞ்சியிருக்கும் படி.

அதை வீட்டிலேயே கணினிக்கு மாற்றலாம். செய்பவர்கள் பலர் மென்பொருளில் நாள்கணக்காக உட்காருகிறார்கள்; முள்ளைப் பற்றி ஐந்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. இந்த வேலைக்கு இரண்டு பாதிகள் உண்டு. தட்டிலிருந்து முள் ஒலியை எடுப்பது முதல் பாதி. எடுத்ததைக் கணினியில் திருத்துவது இரண்டாம் பாதி. இரண்டாவதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். முதல் பாதியில் தவறவிட்டதை இரண்டாம் பாதியில் பிடிக்க முடியாது. இந்த அத்தியாயத்தின் சாரம் இதுதான். மற்றவை இதற்கான காரணங்கள்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது

புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் இளங்கிளைகளில் அரக்குப் பூச்சி கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். உடலிலிருந்து ஒரு பிசினைச் சுரந்து தன்னை மூடிக்கொள்ளும். கிளையைச் சுரண்டி எடுக்கும் அந்தப் பிசினைக் கழுவி உருக்கினால் அரக்கு. இன்றும் ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் அதன் முக்கிய விளைநிலங்கள். 1924இல் ராஞ்சி அருகே இதற்கென்றே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது.

அரக்குத் தட்டு என்று பெயர் இருந்தாலும் அதில் அரக்கு சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பல தட்டுகளில் அதைவிடக் குறைவு. மீதி கல் தூள், சுண்ணாம்புக்கல் தூள், நிறத்துக்குக் கரிப்பொடி, பிடிமானத்துக்குப் பஞ்சு இழை. அரக்கு இந்தக் கலவையை ஒட்டவைக்கும் பசை. சூடாக்கினால் இளகும், அழுத்தினால் அச்சின் நுண்ணிய பள்ளங்களை அப்படியே வாங்கிக்கொள்ளும், ஆறினால் இறுகும்.

கல் தூளைக் கலந்தது செலவைக் குறைக்க மட்டுமல்ல. அந்தக் காலத்து கிராமபோனில் முள் எஃகால் ஆனது. சவுண்ட் பாக்ஸும் குழாயும் சேர்ந்து அதன்மேல் நூறு கிராமுக்கும் அதிகமான பாரத்தை ஏற்றின. புதிய முள்ளின் நுனி தட்டின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தாது. தட்டு சொரசொரப்பாக இருந்தால் முதல் சில சுற்றுகளிலேயே முள் தேய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்கு வந்துவிடும். அதாவது, தட்டே முள்ளைச் சாணை பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் ஓடியதும் முள்ளை மாற்ற வேண்டும் என்ற விதி அதனால் வந்தது. மாற்றாமல் போட்டவர்கள் வீட்டில், தேய்ந்து கூரான முள் பள்ளத்தின் சுவரை உழுதது.

தட்டைப் போட்டதும் கேட்கும் ‘சுர்’ என்ற தொடர் இரைச்சல் முதுமையால் மட்டும் வருவதல்ல. கல் தூளின் குரல் அது. தட்டு கடையில் விற்ற நாளிலேயே அது இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அரக்குக்குத் தட்டுப்பாடு வந்து, பழைய தட்டுகளை உடைத்து அரைத்துப் புதிய தட்டுகளில் கலந்தார்கள். அக்காலத் தட்டுகளில் இரைச்சல் கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தச் ‘சுர்’ தவிர, கீறலும் விரிசலும் எழுப்பும் ‘டக்’ ஒலி, பள்ளத்தில் படிந்த அழுக்கின் பொரிச்சல், சுழல்மேசையின் மோட்டார் தரும் அடித்தள உருமல் ஆகியவை உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றையும் ஒரே பொத்தானால் நீக்கும் மென்பொருளை நம்புவது, எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரையை நம்புவது.

கழுவும் முறை

தச்சர்கள் பிரெஞ்ச் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில். எனவே ஸ்பிரிட், சானிட்டைசர், ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் அரக்குத் தட்டின்மேல் படக்கூடாது. பிளாஸ்டிக் எல்.பி. தட்டுகளுக்கென்று விற்கும் துப்புரவுத் திரவங்கள் பலவற்றில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருக்கிறது. எல்.பி.க்கு அது தீங்கு செய்யாது; அரக்குத் தட்டின் மேற்பரப்பை அரித்துவிடும்.

வேண்டியது வெறும் காய்ச்சி வடித்த நீரும் சில துளி மென்மையான, ஆல்கஹால் இல்லாத சோப்புத் திரவமும்தான். மென்மயிர்த் தூரிகையால், பள்ளங்கள் ஓடும் திசையிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு பள்ளத்தை விட்டு வெளியே வராது. பிறகு நல்ல நீரால் கழுவி, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் செங்குத்தாக நிறுத்திக் காயவிட வேண்டும். நடுவிலுள்ள காகித முத்திரையில் நீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊறவைக்கக் கூடாது. கலவையிலுள்ள பஞ்சு இழை நீரை உறிஞ்சும். பழைய கொலம்பியா தட்டுகள் பலவற்றின் நடுவே காகித அடுக்கு உண்டு. ஓரத்தில் விரிசல் இருந்தால் அதன் வழியே நீர் புகுந்து அந்த அடுக்கு உப்பிவிடும். வெயிலில் காயவைப்பதும் ஆகாது. அரக்கு மாளிகைக் கதை தெரிந்தவர்களுக்கு அரக்குக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டியதில்லை. தீ வேண்டாம், ஏப்ரல் மாத வெயில் போதும், தட்டு அப்பளமாக நெளிய.

கழுவுவது தூய்மைக்காக மட்டுமல்ல. பொரிச்சல் ஒலியில் பெரும்பகுதி அழுக்கு. நீரால் நீங்குவதைக் கணிதத்தால் நீக்க முயல்வது வீண். அந்தக் கணிதம் அழுக்கோடு கொஞ்சம் பாட்டையும் எடுத்துக்கொண்டுதான் போகும்.

முள்ளின் பருமன்

அரக்குத் தட்டின் பள்ளம் மேலே சுமார் 150 மைக்ரான் அகலம் கொண்டது. 1 மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. இதற்குப் பொருந்தும் முள்ளின் நுனி ஆரம் 65 முதல் 76 மைக்ரான். 1948இல் வந்த எல்.பி. தட்டின் பள்ளம் மிகக் குறுகலானது; அதற்கான உருண்டை முள்ளின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான். எல்.பி. முள்ளை அரக்குத் தட்டில் வைத்தால் அது மாட்டுவண்டித் தடத்தில் இறங்கிய சைக்கிள் சக்கரம். இசை எழுதப்பட்டிருக்கும் சுவர்களை அது ஒழுங்காகத் தொடாமல், நூறாண்டு அழுக்கும் தேய்மானப் பொடியும் சேர்ந்த அடித்தரையில் உருண்டபடி அங்குமிங்கும் மோதும். கேட்பது பெரும்பாலும் இரைச்சல்.

எனவே முதல் செலவு 78 சுற்றுத் தட்டுக்கான முள். முள்ளை மட்டும் கழற்றி மாற்றும் வசதியுள்ள காந்தக் கார்ட்ரிட்ஜ் கொண்ட சுழல்மேசை வேண்டும். முள்ளின் பாரம் அதைச் செய்தவர் சொன்ன அளவில் இருக்கட்டும். 78 முள்களுக்கு அது ஏறத்தாழ 2 கிராமிலிருந்து 5 கிராம்வரை இருக்கும். பழைய சாவி கிராமபோனில் நூறு கிராம் பாரத்தைத் தாங்கிய தட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. அலங்காரத்துக்காக வைத்திருக்கும் கிராமபோனில் அபூர்வத் தட்டை ஓட்டி மைக்கால் பதிவு செய்யும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஒவ்வொரு ஓட்டமும் சுவரைச் சீவுகிறது என்பதால் அந்த வழக்கத்தை விட்டுவிடலாம்.

முள்ளின் பருமனை மாற்றிப் பார்ப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. எஃகு முள் எந்த ஆழத்தில் ஓடியதோ அங்கேதான் சுவர் தேய்ந்திருக்கும். சற்றுப் பருத்த முள் அதற்கு மேலேயும், சற்று மெலிந்தது கீழேயும் சுவரைத் தொடும். தேயாத சுவர் அங்கே காத்திருக்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தின் 78 சுற்றுத் தட்டுத் திட்டத்துக்காக ஒலிப் பாதுகாப்பு நிபுணர் ஜார்ஜ் பிளட் அமைத்த சுழல்மேசையில் நான்கு கைகள், நான்கு அளவு முள்கள். ஒரே ஓட்டத்தில் நான்கு பதிவுகள் எடுத்து, நன்றாக ஒலிப்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டில் இரண்டு முள்கள் இருந்தாலே வேறுபாடு காதுக்குத் தெரியும்.

இன்னொரு இயற்பியல் உண்மையையும் மனத்தில் வைக்க வேண்டும். 10 அங்குலத் தட்டின் வெளி ஓரத்தில், மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தொலைவில், பள்ளம் முள்ளைக் கடக்கும் வேகம் வினாடிக்கு சுமார் 98 சென்டிமீட்டர். பாட்டு முடியும் இடத்தில், மையத்திலிருந்து 5 சென்டிமீட்டரில், அது 41 சென்டிமீட்டராகக் குறைகிறது. வினாடிக்கு 5,000 அதிர்வு கொண்ட ஒலியின் ஓர் அலை வெளியோரத்தில் 196 மைக்ரான் நீளத்துக்கு விரிந்து எழுதப்படுகிறது. உள்ளே அதே அலை 82 மைக்ரானுக்குள் நெருங்கிவிடுகிறது. முள்ளின் நுனி ஆரமே 70 மைக்ரான் என்னும்போது அந்த நெளிவுக்குள் அது எப்படி நுழையும்? அதனால்தான் பல தட்டுகளில் பல்லவி பளிச்சென்றும் கடைசிச் சரணம் மங்கலாகவும் ஒலிக்கிறது. பாடகர் களைத்துப்போனார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சுருதியைச் சொல்லும் வேகம்

நிமிடத்துக்கு ‘78’ சுற்று என்பது பின்னால் நிலைத்த எண். மின்மோட்டார் வந்தபின் 60 ஹெர்ட்ஸ் மின்சார நாடுகளில் 78.26 என்றும், நம்மைப்போல் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 77.92 என்றும் அது வழங்கியது. 50 ஹெர்ட்ஸ் மின்விளக்கு நிமிடத்துக்கு 6,000 முறை துடிக்கும். 77 கோடுகள் போட்ட வட்டத் தாளைச் சுழல்மேசையில் வைத்துப் பார்த்தால், வேகம் 77.92 ஆக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கும். எல்.இ.டி. விளக்குகள் பல இப்படித் துடிப்பதில்லை. பழைய குண்டு பல்போ நியான் விளக்கோ வேண்டும்.

1920களுக்கு முந்தைய தட்டுகள் இந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. நிமிடத்துக்கு 70 சுற்றுக்குச் சற்று மேலிருந்து 80 சுற்றுக்கு மேல்வரை பல வேகங்களில் அவை பதிவாயின. 74 சுற்றில் பதிவானதை 78இல் ஓட்டினால் சுருதி 5.4 விழுக்காடு ஏறும். அடுத்தடுத்த இரு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையே உள்ள இடைவெளி 5.9 விழுக்காடு. ஐந்து கட்டையில் பாடியவர் ஏறக்குறைய ஐந்தரைக் கட்டையில் பாடியதாகிவிடும், காலப்பிரமாணமும் விரையும். “அந்தக் காலத்தில் எல்லாரும் என்ன வேகமாகப் பாடியிருக்கிறார்கள்!” என்ற வியப்பில் ஒரு பகுதி சுழல்மேசைக்குச் சேர வேண்டியது.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. ஆர்மோனியம் பக்கவாத்தியமாக இருந்தால் அதன் சுருதி கட்டைகளில் ஏதாவது ஒன்றில்தான் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் தொங்கினால் வேகம் தவறு. ஆனால் உலகம் ‘ஏ’ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்று பேசி முடித்ததே 1939இல்தான். பழைய ஆர்மோனியங்கள் அதிலிருந்து சற்று விலகியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆரம்பகாலத் தட்டுகள் சிலவற்றின் கடைசியில் பாடகர் தன் பெயரைச் சொல்லி முடிப்பார். பேச்சுக்குரல் நல்ல தடயம். வேகம் மிகுந்தால் பேச்சு கீச்சென்று ஒலிப்பதைக் காது உடனே கண்டுகொள்ளும். அதே பாடகரின் பிற்காலத் தட்டுகளோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

உங்கள் சுழல்மேசையில் 33⅓, 45 மட்டுமே உண்டா? 45இல் ஓட்டிப் பதிவு செய்து, கணினியில் வேகத்தை 1.733 மடங்காக்கினால் 78 கிடைக்கும். நெளிந்த தட்டிலும் விரிசல் விட்ட தட்டிலும் முள் குதிக்காமல் ஓட மெதுவான வேகம் உதவவும் செய்யும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சமன்வரை பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

வேகம் சரியாக இருந்தாலும் நடுத்துளை விலகியிருந்தால் சுருதி ஆடும். துளை 1 மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து 6 சென்டிமீட்டரில் ஓடும் பள்ளத்தில் சுருதி ஒவ்வொரு சுற்றிலும் 1.7 விழுக்காடு ஏறி, அதே அளவு இறங்கும். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தால் அரை ஸ்வரஸ்தானத்துக்கும் மேல். பியானோத் தட்டில் இதை யாரும் பிழையென்று உடனே கண்டுபிடிப்பார்கள். நம் இசையில் ஆபத்து வேறு மாதிரி: வினாடிக்கு 1.3 முறை வரும் இந்த ஆட்டம், தோடியின் காந்தாரத்தில் வித்வான் கொடுத்த அசைவோடு கலந்துவிடும். எது கமகம், எது துளையின் கோளாறு என்று பிரிக்க முடியாது. வழி எளியது. தட்டுக்கு அடியில் ரப்பர் விரிப்புகளை அடுக்கி, நடுக்கம்பி துளைக்குள் வராத அளவுக்குத் தட்டை உயர்த்துங்கள். பிறகு முள்ளின் கை பக்கவாட்டில் ஆடாமல் நிற்கும்வரை தட்டை விரலால் சிறிது சிறிதாக நகர்த்துங்கள்.

இரண்டு சுவர், ஒரே பாட்டு

அரக்குத் தட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பள்ளம் இடமும் வலமுமாக நெளிகிறது. இன்றைய ஸ்டீரியோ முள்ளோ பள்ளத்தின் இரு சுவர்களையும் தனித்தனியே படிக்கும். பாட்டு இரு சுவர்களிலும் ஒன்றேதான்; இரைச்சல் மட்டும் வேறு வேறு. இரு தடங்களையும் கூட்டி ஒன்றாக்கினால் பாட்டு இரட்டிக்கும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரைச்சல் அந்த அளவு கூடாது. 3 டெசிபெல் லாபம். முள் மேலும் கீழுமாகக் குதிப்பதால் எழும் சத்தம் முற்றாகவே அடிபட்டுப் போகும். ஒரு சுவர் மட்டும் மோசமாகத் தேய்ந்திருந்தால் கூட்டுவதற்குப் பதில் நல்ல சுவரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எனவே பதிவு செய்யும்போது ஸ்டீரியோவாகவே செய்யுங்கள். கூட்டுவதா, தேர்ந்தெடுப்பதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். பாத்தே நிறுவனத்தின் பழைய தட்டுகள் இதற்கு விலக்கு. அவற்றில் ஒலி மேலும் கீழுமாகப் பதிந்திருக்கும். கூட்டினால் பாட்டு காணாமல் போகும், கழித்தால்தான் வரும்.

சமன்வரை

தாழ்ந்த ஒலிகளை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகலமாக நெளிந்து பக்கத்துப் பள்ளத்துக்குள் புகுந்துவிடும். அதனால் பதிவு செய்யும்போதே கீழ் ஒலிகளைக் குறைத்து வெட்டினார்கள். ஒலிக்கும்போது அதே அளவு கூட்ட வேண்டும். எல்.பி. காலத்தில் மேல் ஒலிகளைக் கூட்டி வெட்டி, ஒலிக்கும்போது குறைக்கும் வழக்கமும் சேர்ந்தது. எந்த ஒலியை எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்ற இந்தக் கணக்கின் வரைகோடே சமன்வரை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வைத்திருந்த இந்த அளவுகளை 1954இல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அமெரிக்க அமைப்பு ஒன்றாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் போனோ பெருக்கிகளில் பெரும்பாலானவை அந்த வரையைத்தான் பின்பற்றுகின்றன. அது 10,000 ஹெர்ட்ஸில் ஒலியை 13.7 டெசிபெல், அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது.

1930களின் எச்.எம்.வி. தட்டில் மேல் ஒலியை யாரும் கூட்டி வெட்டவில்லை. கூட்டாததைக் குறைத்தால் என்ன ஆகும்? குரலின் பளபளப்பு போய்விடும். அந்தத் தட்டுகளில் கீழ் ஒலியின் குறைப்பு 250 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தொடங்கியது, ஆர்.ஐ.ஏ.ஏ. பெருக்கியோ 500 ஹெர்ட்ஸிலிருந்தே கூட்டத் தொடங்கி ஒலியைக் கொழகொழப்பாக்கும். பழைய தட்டு என்றாலே மந்தமாக ஒலிக்கும் என்று நாம் நம்புவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பொருந்தாத் திருத்தம்.

சமன்வரை இல்லாத தட்டையான பெருக்கி வழியாகப் பதிவு செய்து, தேவையான வரையைக் கணினியில் போடுவது நல்ல வழி. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வரையை நாமே வரைந்துகொள்ளலாம். சாதாரணப் போனோ பெருக்கிதான் இருக்கிறது என்றால், அதே மென்பொருளில் ஆர்.ஐ.ஏ.ஏ. வரையைத் தலைகீழாகப் போட்டு அதன் விளைவை முதலில் நீக்கிவிட்டு, பிறகு சரியான வரையைப் போடலாம். 45இல் ஓட்டுபவர்களின் சிக்கல் இங்கேதான் வருகிறது. பெருக்கி போட்ட வரை, வேகத்தைக் கூட்டும்போது இசையோடு சேர்ந்து மேலே நகர்ந்துவிடும். எனவே வேகத்தை மாற்றுவதற்கு முன்பே அதைத் தலைகீழாக்கி நீக்கிவிட வேண்டும்.

1925இல் அமெரிக்காவில் மைக் வழியாகப் பதிவு செய்யும் முறை வந்தது. அதற்கு முன் பாடகர் ஒரு பெரிய கூம்புக் குழலுக்குள் பாடினார். அவர் குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் எழுதியது. 200லிருந்து 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியே ஓரளவு பிடிபட்டது. கோயம்புத்தூர் தாயி 1917இல் மறைந்தார். அவர் தட்டுகள் எல்லாம் குழல் காலத்தவை. வீணை தனம்மாளின் தட்டுகளோ மைக் வந்தபின் 1930களில் பதிவானவை. குழல் காலத் தட்டுக்கென்று எந்த வரையும் கிடையாது. அதில் இல்லாத மேல் ஒலியைத் திருகித் தேடினால் கல் தூளின் இரைச்சல்தான் கிடைக்கும்.

எண்ணாக மாற்றுதல்

வினாடிக்கு 96,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட். ஒலி ஆவணக் காப்பகங்கள் விரும்பும் அளவு இது. தட்டின் இசை பெரும்பாலும் 8,000 ஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும்போது எதற்கு இத்தனை மாதிரி? பாட்டுக்காக அல்ல, விரிசலுக்காக. 0.1 மில்லிமீட்டர் விரிசல் முள்ளைக் கடக்க எடுக்கும் நேரம் வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. குறுந்தகட்டின் 44,100 அளவில் அது நான்கு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும்; 96,000இல் பத்துப் புள்ளிகள். வடிவம் தெளிவாகத் தெரிந்தால்தான் அது விரிசலா, மிருதங்கத்தின் சாப்பா என்று மென்பொருள் பிரித்தறியும். 24 பிட் எதற்கு என்றால், ‘டக்’ ஒலிகள் பாட்டைவிடப் பல மடங்கு உரத்தவை. அவை உச்சியில் முட்டி மழுங்காதபடி பதிவின் மட்டத்தைத் தாழ்வாக வைத்துக்கொள்ள இடம் வேண்டும். அதிக உரத்த இடம் உச்சிக்கு 6 டெசிபெல் கீழே நிற்கும்படி வைத்தால் போதும்.

இந்த அளவில் மூன்று நிமிடப் பக்கம் ஒன்று ஸ்டீரியோவில் சுமார் 104 மெகாபைட் பிடிக்கும். ஃபிளாக் வடிவத்தில் சேமித்தால் எதையும் இழக்காமல் அது கணிசமாகக் குறையும். எம்.பி.3 வடிவத்தை வாட்ஸாப்பில் அனுப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது காதுக்குத் தெரியாது என்று கணிக்கும் ஒலியைத் தூக்கி எறிந்துவிடும். தொடர் இரைச்சல் நிறைந்த பதிவில் அந்தக் கணிப்பு அடிக்கடி தடுமாறும்.

துடைப்பதில் சிக்கனம்

கணினித் திருத்தத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இரு தடங்களிலும் தனித்தனியே ‘டக்’ ஒலிகளை நீக்க வேண்டும். கூட்டிய பிறகு செய்தால் ஒரு சுவரின் விரிசல் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். அடுத்து இரண்டையும் கூட்டுதல், வேகத் திருத்தம், சமன்வரை. தொடர் இரைச்சலைக் குறைப்பது கடைசியில், அதுவும் வேண்டுமென்றால்.

‘டக்’ ஒலியை மென்பொருள் வெறுமனே வெட்டி எறிவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள அலையின் போக்கைப் பார்த்து, நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கணித்து நிரப்புகிறது. ஆடாசிட்டியின் பழுதுநீக்கும் கருவி ஒரு முறைக்கு 128 மாதிரிகள்வரை இப்படி நிரப்பும். நீண்டு ஒலிக்கும் நாகஸ்வரக் கார்வையில் இந்தக் கணிப்பு பெரும்பாலும் பொருந்தும். தாளவாத்தியம் அப்படி அல்ல. மிருதங்கத்தின் சாப்பும் கஞ்சிராவின் அடியும் திடீரென்று எழும் கூரான ஒலிகள். அவற்றையும் விரிசல் என்று எண்ணி மென்பொருள் மழுங்கடிக்கும். தனி ஆவர்த்தனம் பஞ்சில் வாசித்ததாக ஒலிக்கும்.

தொடர் இரைச்சலைக் குறைக்க, பாட்டு தொடங்குமுன் உள்ள வெற்றுப் பள்ளத்தின் ‘சுர்’ ஒலியை மாதிரியாகக் காட்டினால் மென்பொருள் அதைப் பாட்டு முழுவதிலிருந்தும் கழிக்கும். அளவு மீறினால் தம்புராவின் நாதம், ‘ச’கரத்தின் காற்று, பாடகர் மூச்சிழுக்கும் ஒலி எல்லாம் கூடவே போய், தண்ணீருக்கடியில் கொப்புளிக்கும் ஒரு செயற்கை ஒலி மிஞ்சும். 6 டெசிபெல் குறைத்தாலே காதுக்கு இதமாகிவிடும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டியதில்லை.

அளவு மீறியதா என்று அறிய நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. நீக்கியதை மட்டும் தனியே கேளுங்கள். திருத்திய பதிவைத் தலைகீழாக்கி, அந்தத் திருத்தத்துக்கு முந்தைய பதிவோடு கலந்தால், நீக்கப்பட்டது மட்டும் மிஞ்சும். அதில் வெறும் ‘சுர்’, ‘டக்’ கேட்டால் சரி. மிருதங்கத்தின் நடையோ குரலின் சாயலோ கேட்டால், குப்பையோடு பாட்டையும் வாரிக் கொட்டியிருக்கிறீர்கள். அளவைக் குறைத்து மறுபடி செய்யுங்கள்.

பெயரும் உரிமையும்

பெயரில்லாத ஒலிக்கோப்பு சில ஆண்டுகளில் யாருக்கும் பயன்படாமல் போகும். தட்டின் இரு முத்திரைகளையும் படம் எடுங்கள். முத்திரைக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்கள் பதிவான ஆண்டைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்த எண்ணை வைத்துத்தான். ஓட்டிய வேகம், முள்ளின் பருமன், என்ன திருத்தம் செய்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். மூலப் பதிவைத் திருத்திய பதிவோடு கலக்காமல் தனிக் கோப்புறையில், இரண்டு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1960இல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. பாடல் வரிகளுக்கும் இசையமைப்புக்கும் உரிமை தனி. இயற்றியவர் மறைந்தபின் 60 ஆண்டுகள். தியாகராஜர் கீர்த்தனைக்குச் சிக்கல் இல்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. வீட்டில் கேட்பது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. இன்டர்நெட் ஆர்க்கைவின் திட்டத்தின் மீதே 2023இல் இசை நிறுவனங்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன.

வீட்டில் பத்துத் தட்டுகள் இருந்தால், எதிலிருந்து தொடங்குவது? எல்லாருக்கும் தெரிந்த பாட்டிலிருந்து அல்ல. அது எங்கேயாவது கிடைக்கும். பெயர் கேள்விப்படாத பாடகரின் தட்டை, விரிசல் விடத் தொடங்கிய தட்டை முதலில் எடுங்கள். நல்ல முள் வாங்குங்கள், நீரால் கழுவுங்கள், ஸ்டீரியோவில் ஒரு முறை ஒழுங்காகப் பதிவு செய்து அந்த மூலத்தைக் கைபடாமல் வைத்துவிடுங்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருள்கள் ஆண்டுதோறும் தேறிவருகின்றன; அவற்றின் வேலையை உங்கள் பிள்ளைகள்கூடச் செய்துகொள்ளலாம். தட்டு உடைந்துபோனால் முள்ளின் வேலையை அவர்களால் செய்ய முடியாது. அதை மட்டும் நீங்கள் இப்போதே செய்துவிடுங்கள்.